தலையை மட்டும் ஏன் வெட்டுகிறார்கள்?

வாசகர் கேள்வி – பதில்

மூன்று வாரங்களுக்கு முன்னால் சிவகாசியிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார்: "உடல் பருமன் பற்றிச் செய்தி வந்தாலே கழுத்துக்குக் கீழே மட்டும் படம் போடுகிறார்களே, ஏன்?" முகம் தெரிந்தால் வழக்குப் போடுவார்கள் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அன்றைக்கு மதியம் முழுக்க கரண்ட் இல்லை, எழுதி முடித்தால் போதும் என்றிருந்தது. அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் இப்போது மேஜையில் ஒரு கட்டாகக் கிடக்கின்றன. ஆகவே இந்த வாரம் முழுக்க அதுதான்.

ஒரு விஷயம். வழக்கமாக இனிஷியலை விட்டுவிட்டால்கூடச் சண்டைக்கு வரும் நம் வாசகர்களில் பாதிக்கு மேல் இந்த முறை 'பெயர் போட வேண்டாம்' என்று எழுதியிருக்கிறார்கள். அதனால் யாருக்குமே போடவில்லை. ஊர் மட்டும்.

வழக்குக்குப் பயந்து என்றீர்கள். ரேஷன் வரிசையில் நிற்கிறவர், ஹெல்மெட் போடாமல் போகிறவர், மழைத்தண்ணீரில் நடக்கிறவர் எல்லோருக்கும் முகம் தெரிகிறதே. அவர்கள் மட்டும் வழக்குப் போடமாட்டார்களா? (அதே வாசகர், சிவகாசி)

மாட்டிக்கொண்டேன். நான் சொன்னது பதிலே இல்லை. டெஸ்க்கில் உட்கார்ந்து எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்ட சமாதானம்.

மதுரையில் ஒரு நாளிதழில் 31 வருடம் உதவி ஆசிரியராக இருந்தேன். இப்போது யோசித்தால், முகம் தெரியாமல் படம் போடுவது இரண்டு மூன்று வகைச் செய்திக்குத்தான். விபசார வழக்கில் கைதான பெண்கள் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு வேனில் ஏறுவார்கள். திருட்டு வழக்கில் பிடிபட்டவர் தலையில் துண்டு கிடக்கும். அப்புறம், குண்டாக இருப்பவர்கள். மற்றவர்கள் தாங்களாக மூடிக்கொண்டார்கள். இவர்கள் பாட்டுக்குப் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார்கள், நாங்கள் மூடினோம்.

இந்தப் படங்களுக்கு ஒரு பெயரே உண்டு. 'தலையில்லாத குண்டு மனிதர்கள்' என்று 2007-ல் இங்கிலாந்தைச் சேர்ந்த சார்லட் கூப்பர் வைத்தது. அவரும் பருமனானவர்தான். அமெரிக்காவில், உணவும் உடல் பருமனும் பற்றி ஆராயும், அப்போது யேல் பல்கலைக்கழகத்தில் இருந்த ரட் மையத்தின் ஆய்வாளர்கள் ஐந்து பெரிய செய்தித் தளங்களின் படங்களை எண்ணிப் பார்த்து 2011-ல் வெளியிட்டார்கள். பருமனானவர்கள் இருந்த படங்களில் 100-க்கு 72 அவர்களை இழிவாகக் காட்டியவை. தலை இருக்காது, அல்லது வயிறு மட்டும், பின்பக்கம் மட்டும், இல்லாவிட்டால் வாயில் எதையாவது திணித்துக்கொண்டிருப்பார்கள். நம் ஊர் பத்திரிகைகளுக்கு எண்ணிக்கை என்னிடம் கேட்காதீர்கள். வெட்டியவர்களில் நானும் ஒருத்தி.

இதையும் சொல்லிவிடுகிறேன். பதினைந்து வருடத்துக்கு மேல் இருக்கும். புதன்கிழமை இணைப்புக்குப் பருமன் பற்றி ஒரு கட்டுரை. எங்கள் புகைப்படக்காரர் மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் நாலைந்து படம் எடுத்து வந்தார். ஒன்றில் மாம்பழ மஞ்சள் சேலையில் ஒரு அம்மா, கையில் வயர் கூடை, பக்கவாட்டில் நிற்கிறார். கழுத்தோடு வெட்டி மூன்று பத்தி அகலத்தில் வைத்தேன். கீழே 'நாவைக் கட்டுப்படுத்தினால் நலம்' என்று ஒரு வரி. அந்த வரியும் என்னுடையதுதான். நன்றாக வந்திருக்கிறது என்று பக்கத்து மேஜைக்காரர் சொன்னார்.

வெள்ளிக்கிழமை அந்த அம்மா அலுவலகத்துக்கு வந்துவிட்டார். அதே கூடை. பேப்பரை மடித்து அதற்குள் வைத்திருந்தார். சத்தம் போடவில்லை. "தலைய வெட்டிட்டா தெரியாதுன்னு நெனச்சீகளா? இந்தச் சேலை எங்க தெருவுக்கே தெரியும். தவணைக்கு எடுத்தது. மளிகைக்கடைக்காரர்தான் கூப்பிட்டுக் காமிச்சாரு." அப்புறம் கூடையைத் தூக்கி மேஜைமேல் வைத்தார். "இதுல இருந்தது பிளாஸ்க்கு. அம்மாவ பெரியாஸ்பத்திரில சேத்திருந்தேன். அன்னைக்கு நான் மதியம் வரைக்கும் பச்சத்தண்ணி குடிக்கல."

மறுப்பு போடலாமா என்று மேலே கேட்டேன். பேரும் இல்லை, முகமும் இல்லை, யாருக்கு என்று மறுப்புப் போடுவது என்றார்கள். காபி வரவழைத்தேன், குடிக்கவில்லை. போகும்போது, "அடுத்த தடவ எடுக்குறதா இருந்தா முன்னாடியே சொல்லுங்க, நல்ல சேலையா கட்டிட்டு வந்து நேராப் பாத்து நிக்கிறேன்" என்றார். கேலியாகச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

இரண்டு வாரம் எந்தப் படத்தையும் வெட்டவில்லை. மூன்றாவது வாரம் பக்கம் முடிக்கிற அவசரத்தில் இன்னொரு முதுகை எடுத்துப் போட்டேன்.

'தமிழகப் பெண்களில் 40 சதவீதம் பேர் குண்டு' என்று தலைப்புப் பார்த்தேன். என் உயரம் 5 அடி 2 அங்குலம், எடை 62. ரெடிமேட் பிளவுஸில் எனக்கு நடுத்தர அளவுதான் எடுக்கிறேன். நானும் அதில் அடக்கமா அக்கா? (அருப்புக்கோட்டை)

கணக்குப் போடுவோம். உங்கள் உயரம் மீட்டரில் 1.575. அதை அதனாலேயே பெருக்கினால் 2.48. எடையை, அதாவது 62-ஐ, அதால் வகுத்தால் 25. வாழ்த்துகள், நீங்களும் அந்த 40-ல் ஒருவர்.

எண் பொய்யில்லை. 2019–21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில் 15 முதல் 49 வயதுவரை உள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேருக்கு எடையை உயரத்தோடு வைத்துப் பார்க்கும் இந்த பி.எம்.ஐ. எண் 25-ஓ அதற்கு மேலோ இருந்தது. முந்தைய ஆய்வில் 30.9. நாலைந்து வருடத்தில் இவ்வளவு ஏறியது செய்திதான், கவலைப்பட வேண்டிய செய்தியும்தான். ஆனால் ஆய்வு அந்த வரிசைக்கு வைத்த பெயர் 'அதிக எடை அல்லது உடல் பருமன்'. இரண்டையும் சேர்த்துத்தான் 40. தலைப்பில் எட்டு எழுத்துக்கு இடம் இருக்கும்போது 'அதிக எடை அல்லது' முதலில் வெட்டுப்படும். மிச்சம் 'குண்டு'. அதற்குக் கீழே 130 கிலோ எடையுள்ள ஒருவரின் முதுகு. அருப்புக்கோட்டையில் நடுத்தர அளவு பிளவுஸ் எடுக்கும் உங்களுக்கும் அந்த முதுகுக்கும் என்ன சம்பந்தம் என்று படிக்கிறவருக்குத் தெரியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உலக அளவில் 25 என்றால் அதிக எடை, 30 என்றால் பருமன். இந்திய உடம்புக்கு அது பொருந்தாது, 23-லேயே அதிக எடை, 25-லேயே பருமன் என்று கொள்ள வேண்டும் என்று 2009-ல் நம் மருத்துவர்கள் கூடி வகுத்தார்கள். அந்தக் கணக்கில் உங்களுக்கு 57 கிலோவிலேயே மணி அடிக்கும். எந்தக் கணக்கில் எழுதுகிறோம் என்று செய்தியில் ஒரு வரி போட்டால் போதும். போடுவதில்லை. இந்த வாய்ப்பாட்டின் பூர்வீகம் வேறு கதை. 1830-களில் பெல்ஜியத்தில் கெத்தலே என்ற வானியல், புள்ளியியல் அறிஞர் 'சராசரி மனிதன்' எப்படி இருப்பான் என்று கண்டுபிடிக்கப் போட்ட கணக்கு. 1972-ல் அமெரிக்க உடலியல் ஆய்வாளர் அன்செல் கீஸ் அதற்கு பி.எம்.ஐ. என்று பெயர் வைத்தார். கூட்டத்தை அளக்கச் செய்த கோலை வைத்து ஆளை அளக்கிறோம்.

அப்புறம் தங்கச்சி, அதே ஆய்வில் ஆண்களுக்கு 37 சதவீதம். உங்கள் வீட்டு ஆண்களிடம் அந்தத் தலைப்பு வந்ததா என்று கேட்டுப் பாருங்கள்.

நான் பொது மருத்துவர், 26 வருட அனுபவம். பருமன் ஒரு நோய். அதை மென்மையாக எழுதினால் மக்களுக்கு அபாயம் உறைக்காது. கொஞ்சம் பயமுறுத்தினால்தான் இளைப்பார்கள். பத்திரிகைகள் செய்வது சரிதான். (திருநெல்வேலி)

டாக்டர், உங்களை மறுக்கும் படிப்பு எனக்கு இல்லை. ஆனால் இந்தப் பயமுறுத்தலைப் பரிசோதித்துப் பார்த்த ஒரு ஆய்வு உண்டு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தில் பிரெண்டா மேஜர் என்ற உளவியலாளரும் குழுவினரும் செய்தது, 2014-ல் வெளிவந்தது. மாணவிகளை இரண்டு பிரிவாக்கி ஆளுக்கொரு செய்திக் கட்டுரை கொடுத்தார்கள். ஒன்று, எடையைக் குறைக்காவிட்டால் வேலை போகும் என்பது. இன்னொன்று, புகைபிடிப்பதை நிறுத்தாவிட்டால் வேலை போகும் என்பது. படித்து முடித்ததும் மிட்டாயும் நொறுக்குத்தீனியும் இருந்த அறையில் கொஞ்ச நேரம் விட்டுவைத்தார்கள். தான் குண்டு என்று நினைத்திருந்த பெண்கள், எடைக் கட்டுரையைப் படித்த பிறகு அதிகம் சாப்பிட்டார்கள். சாப்பாட்டைத் தங்களால் கட்டுப்படுத்த முடியும் என்ற நம்பிக்கையும் அவர்களுக்குக் குறைந்திருந்தது. நாம் எழுதுவதைப் படித்துவிட்டு அவர்கள் கை மிட்டாய்த் தட்டுக்குத்தான் போகிறது.

என் கதையையும் கேளுங்கள். ஒரு ஆஸ்பத்திரிக்குக் காது வலிக்குப் போனேன். காதுதான். வராந்தாவில் எடை மெஷின். ஏறச் சொன்ன பெண், மறுகோடியில் எழுதிக்கொண்டிருந்தவருக்குக் கேட்கும்படி "எண்பத்தெட்டு!" என்று கூவினார். பெஞ்சில் ஒரு குரல் "அம்மாடி" என்றது. உள்ளே போனால் மருத்துவர் என் காதைப் பார்ப்பதற்கு முன்னால், "மொதல்ல உடம்பைக் குறைங்கம்மா" என்றார். அதன்பிறகு நான்கு வருடம் எந்த ஆஸ்பத்திரிப் படியும் மிதிக்கவில்லை. காதுக்கு வெதுவெதுப்பாக எண்ணெய் விட்டுக்கொண்டேன். ஐந்தாவது வருடம் தங்கை பிடித்து இழுத்துப்போய்ப் பார்த்தபோது, வெறும் வயிற்றில் சர்க்கரை 240. அந்த நான்கு வருடமும் அது உள்ளே இருந்திருக்க வேண்டும். இப்படி ஆஸ்பத்திரியைத் தவிர்ப்பவர்கள் உலகம் முழுக்க உண்டு என்று ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். 2020-ல் 'நேச்சர் மெடிசின்' இதழில் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து, இந்த இழிவுபடுத்தலை நிறுத்த வேண்டும் என்று கூட்டறிக்கையே வெளியிட்டார்கள். அதில் ஊடகங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறது.

அந்த "அம்மாடி" சொன்னவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த "அம்மாடி"யை இணைப்பிதழில் வாராவாரம் சொல்லிக் கொடுத்தவள் நான்.

என் கணவர் ஒல்லி. 'சர்க்கரையெல்லாம் குண்டானவங்களுக்கு, பேப்பரைப் பாரு' என்பார். போன மாதம் கால் புண் ஆறாமல் போய்ப் பார்த்தால் சர்க்கரை. இதற்கும் பத்திரிகைப் படத்துக்கும் சம்பந்தம் உண்டா? (ராஜபாளையம்)

உண்டு. நான் இவ்வளவு நாளும் குண்டானவர்களுக்காகத்தான் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன், ஒல்லியானவர்களையும் இந்தப் படம் கெடுக்கிறது என்பது உங்கள் கடிதத்தில்தான் உறைத்தது.

2004-ல் 'லான்செட்' இதழில் இரண்டு மருத்துவர்கள் தங்கள் படத்தையே பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளியிட்டார்கள். ஒருவர் புனேவின் யாஜ்னிக், இன்னொருவர் லண்டனின் யுட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. பார்த்தால் இரண்டு பேருமே ஒல்லி. உள்ளே அளந்தால் யுட்கினுக்குக் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. நம் ஆட்களுக்குக் கொழுப்பு வெளியே தெரியாமல் உள்ளே, வயிற்றைச் சுற்றித் தங்குகிறது. சென்னையில் உள்ள நீரிழிவு ஆராய்ச்சி மையம் ஒன்று முன்னின்று நடத்தி 2023-ல் முடிவு வெளியான நாடு தழுவிய ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வும் இதைத்தான் காட்டியது. இந்தியாவில் பி.எம்.ஐ. கணக்கில் பருமன் உள்ளவர்கள் 25.4 கோடி, வயிற்றுப் பருமன் உள்ளவர்கள் 35.1 கோடி. இடையில் இருக்கும் கோடிகளில் உங்கள் வீட்டுக்காரர் மாதிரி நிறையப் பேர் இருப்பார்கள்.

தையல்காரர் டேப் ஒன்றை வாங்கி வையுங்கள். பேன்ட் கட்டும் இடத்தில் அல்ல, தொப்புளை ஒட்டிச் சுற்றி அளக்க வேண்டும். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. அதைத் தாண்டினால் ஒல்லியோ குண்டோ, ரத்தம் பார்த்துவிடுவது நல்லது. கால் புண்ணை மட்டும் கைவைத்தியத்தில் விடாதீர்கள்.

தொப்பை போலீஸ் என்று போடுகிறார்களே, அதற்கென்ன சொல்கிறீர்கள்? நான் ஓய்வுபெற்ற ஏட்டு. (விருதுநகர்)

ஏட்டய்யா, நாங்கள் அதை வருடத்துக்கு இரண்டு தடவையாவது போட்டிருப்போம். செய்தி இல்லாத நாளுக்கு ஆகிவரும் செய்தி அது. அணிவகுப்பில் பக்கவாட்டில் நின்று எடுத்தால் படமும் தயார். இரவு ரோந்து, திருவிழா பந்தோபஸ்து, கிடைத்த நேரத்தில் கிடைத்த கடையில் சாப்பாடு, இதெல்லாம் இரண்டாம் பத்தியில்கூட வராது.

2017 பிப்ரவரியில் மும்பை மாநகராட்சித் தேர்தலன்று ஒரு பிரபல எழுத்தாளர், மிகப் பருமனான ஒரு காவலரின் படத்தை ட்விட்டரில் போட்டு, 'ஹெவி' பந்தோபஸ்து என்று கேலி செய்தார். பலத்த என்றும் கனத்த என்றும் இரண்டு பொருள் வரும் ஆங்கிலச் சொல். நாடு முழுக்கச் சிரித்தது. மும்பை போலீஸ், அந்தச் சீருடையே எங்களுடையது அல்ல என்று பதில் போட்டது. படத்தில் இருந்தவர் மத்தியப் பிரதேசக் காவலர். தன் உடம்பு தின்று வந்ததல்ல, நோயால் வந்தது என்று அவர் சொன்ன பிறகுதான் சிரித்தவர்கள் நிறுத்தினார்கள். பிறகு மும்பையிலேயே அவருக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது, உடனே 'குண்டு போலீஸ் ஒல்லியானார்' என்று அடுத்த சுற்று. தின்று வந்ததாகவே இருந்திருந்தால் மட்டும் சிரித்திருக்கலாமா என்று அப்போது யாரும் கேட்ட ஞாபகம் இல்லை. நானும் கேட்கவில்லை.

அதே மாதம் எகிப்திலிருந்து ஒரு பெண்ணைச் சிகிச்சைக்காகச் சரக்கு விமானத்தில் மும்பைக்குக் கொண்டுவந்தார்கள். கிரேனில் தூக்கும் படம் எல்லாப் பத்திரிகையிலும். அவர் எடை கிலோக் கணக்கில் எவ்வளவு என்று வாசகர் எல்லோருக்கும் தெரியும். அவர் என்ன பேசினார் என்று எங்கும் படித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அந்த வருடம் செப்டம்பரில் அபுதாபியில் இறந்துபோனார். அது சின்னதாக, உள்பக்கத்தில்.

எங்கள் வீட்டில் யாரும் பர்கர் சாப்பிட்டதில்லை. ஆனால் பருமன் என்றால் பர்கர் படமே ஏன்? (செல்லூர், மதுரை)

படம் விற்கும் நிறுவனத்தின் தளத்தில் ஆங்கிலத்தில் தேடினால் முதலில் வருவது அதுதான். நீல ஜீன்ஸ் போட்ட வெள்ளைக்காரர், கையில் பர்கர், வழக்கம்போலத் தலை இருக்காது. பக்கம் போடுகிறவருக்கு எட்டு நிமிடம்தான் இருக்கும்.

செல்லூரில் படம் எடுப்பதென்றால் புரோட்டாக் கல்லை எடுக்க வேண்டும், டீக்கடை வாசலில் தொங்கும் பாக்கெட் சரங்களை எடுக்க வேண்டும், நடைபாதை இருக்க வேண்டிய இடத்தில் நிற்கும் வண்டிகளை எடுக்க வேண்டும். ரேஷனில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயில் பாக்கெட்டையும் எடுக்கலாம். அதைக் குறையாகச் சொல்லவில்லை, எத்தனையோ வீட்டு அடுப்பு அதில்தான் எரிகிறது. 2025 பிப்ரவரியில் பிரதமர் வானொலியில், எண்ணெயை 10 சதவீதம் குறையுங்கள் என்றார். எல்லோரும் முதல் பக்கத்தில் போட்டோம். கடலை எண்ணெய் என்ன விலை, நல்லெண்ணெய் என்ன விலை, ஏன் பாமாயில் என்பது அதே பத்திரிகையில் வணிகப் பக்கத்தில் இருந்திருக்கும். இரண்டு பக்கத்தையும் ஒருவரே படிப்பார் என்று பத்திரிகைக்காரர்கள் நம்புவதில்லை.

மேடம், நான் ஒரு நாளிதழில் சேர்ந்து ஆறு மாதம். 'குண்டு' என்று எழுதலாமா? 'உடல் பருமன் உள்ளவர்' என்றால் தலைப்பில் கொள்ளவில்லை. படத்துக்கு என்ன செய்வது? (தேனி)

தம்பி, வீட்டில் 'குண்டு' செல்லப் பெயர். என் அக்கா என்னை இன்றும் குண்டம்மா என்றுதான் கூப்பிடுகிறாள், எனக்குப் பிடிக்கும். சினிமாவில் குண்டு கல்யாணம் என்று ஒரு நடிகருக்கு அடைமொழியே அது. அது அவருடைய இஷ்டம், அவருடைய பிழைப்பு. முன்பின் தெரியாதவரைப் பற்றி நீ எழுதும்போது அது உன்னுடைய வார்த்தை. தலைப்பில் கொள்ளவில்லை என்றால் 'எடை' என்று போடு. இரண்டே எழுத்து. 'பூதாகரம்', 'நாட்டுக்கே பாரம்' இந்த மாதிரிச் சிலேடைகளை விட்டுவிடு. உன் தலைமை உதவி ஆசிரியர் சிரிப்பார், உனக்குச் சந்தோஷமாக இருக்கும், எனக்கும் இருந்தது. வேண்டாம்.

'கொள்ளை நோய்' என்பதிலும் ஜாக்கிரதை. உலகச் சுகாதார நிறுவனம் 2000-ல் வெளியிட்ட அறிக்கையின் தலைப்பிலேயே அந்தப் பொருளில் ஒரு சொல் இருக்கிறது. ஆனால் தமிழில் கொள்ளை நோய் என்றால் காலரா, பிளேக். பக்கத்தில் உட்கார்ந்தால் ஒட்டிக்கொள்ளும் என்ற வாடை வந்துவிடும்.

படத்துக்கு: ரட் மையம் (இப்போது கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது) பத்திரிகைகளுக்கென்றே இலவசப் படத் தொகுப்பு வைத்திருக்கிறது. உலகப் பருமன் கூட்டமைப்பும் வைத்திருக்கிறது. பருமனானவர்கள் அலுவலகத்தில் வேலை செய்கிறார்கள், சமைக்கிறார்கள், நடக்கிறார்கள், முகம் இருக்கிறது. பெரும்பாலும் வெளிநாட்டு முகங்கள் என்பதுதான் குறை. அதைவிட நல்லது, உங்கள் புகைப்படக்காரரை ஒருநாள் காலை ஐந்தரைக்கு எழுப்பிக் கூட்டிப்போ. ஒவ்வொரு மாவட்டத்திலும் 8 கிலோமீட்டர் நடைபாதை என்று 2023 நவம்பரில் அரசு தொடங்கியதே, தொடக்க விழாவில் நடந்த அமைச்சர்களை எடுத்தோம். மறுநாளிலிருந்து நடக்கிறவர்களை யாரும் எடுக்கவில்லை. அனுமதி கேட்டு எடு. மாட்டேன் என்பவர்களை விட்டுவிடு, சரி என்கிறவர்கள் இருப்பார்கள்.

எல்லாம் எழுதுகிறீர்கள். போன இதழில், உங்கள் பத்திரிகையில்தான், '15 நாளில் 10 கிலோ' என்று அரைப்பக்கம் விளம்பரம்! முன்னே–பின்னே படத்தோடு! (திண்டுக்கல்)

பார்த்தேன். என் பக்கத்துக்கு இரண்டு பக்கம் தள்ளி.

மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் என்று 1954-லேயே ஒன்று போட்டிருக்கிறார்கள். குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக் கூடாத நோய்களின் பட்டியல் அதில் உண்டு. புற்றுநோய், நீரிழிவு, பார்வையின்மை எல்லாம் இருக்கும் அந்தப் பட்டியலில் உடல் பருமனும் இருக்கிறது. உயரமாக்குவதும் இருக்கிறது! விளம்பரம் கொடுத்தவர் மட்டுமல்ல, வெளியிடுவதில் பங்கெடுத்தவரும் பொறுப்பு. முதல் தடவைக்கு ஆறு மாதம்வரை சிறை. அதனால் இப்போது யாரும் மருந்து என்று போடுவதில்லை. மூலிகைத் தேநீர், பொடி, 'உணவுத் துணைப்பொருள்'. பின்னே படத்தில் இருப்பவருக்கு மட்டும் தலை உண்டு, சிரித்துக்கொண்டிருப்பார். முன்னே படத்தில் பார்த்தீர்களா?

விளம்பரப் பிரிவுக்கு எழுதியிருக்கிறேன். இந்தப் பதில் அச்சில் வந்திருந்தால் ஆசிரியர் வெட்டவில்லை என்று அர்த்தம்.

எடை குறைக்கும் ஊசி பற்றி ஒருநாள் 'அதிசயம்', மறுநாள் 'ஆபத்து'. எது நிஜம்? (காரைக்குடி)

2025 மார்ச்சில் மௌஞ்சாரோ, ஜூனில் வெகோவி, இரண்டும் இந்தியக் கடைகளுக்கு வந்தன. அன்றிலிருந்து இந்த ஊஞ்சல். வெகோவியில் இருக்கும் செமாக்ளூடைட் என்ற மருந்தை 68 வாரம் போட்டுக்கொண்டவர்களுக்குப் பெரிய ஆய்வொன்றில் சராசரியாக 15 சதவீதம்வரை எடை குறைந்தது. நிறுத்திய ஒரு வருடத்தில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப ஏறிவிட்டது. முதல் வாக்கியம் 'அதிசயம்' ஆகிறது, இரண்டாவது 'ஆபத்து' ஆகிறது. இரண்டையும் சேர்த்துப் போட்டால் தலைப்பு கிடைக்காது. போட்டுக்கொள்ளலாமா என்பதை உங்கள் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும், தங்கை கல்யாணத்தில் பார்த்தவரிடம் அல்ல.

எனக்கு இதில் வேறு ஒன்றுதான் வேடிக்கை. குடல் சுரக்கும் ஜி.எல்.பி-1 என்ற ஹார்மோனைப் போல நடித்து, பசியைக் குறைக்கிற மருந்து இது. அப்படியானால் பசி என்பது சுரப்பி விவகாரம். 'நாவைக் கட்டுப்படுத்தினால் நலம்' என்று நான் போட்ட வரி என்ன ஆவது? இவ்வளவுக்குப் பிறகும் பத்திரிகை அசரவில்லை. இப்போது இளைத்த நடிகை படத்தைப் போட்டு 'ஊசியா, உழைப்பா?' என்று கேட்கிறது. குண்டாக இருந்தால் நாக்கு மேல் பழி, இளைத்தால் ஊசி மேல் சந்தேகம்.

அப்படியானால் குண்டாக இருப்பதைக் கொண்டாடச் சொல்கிறீர்களா? (ஒரே வரியில் பதில் வேண்டும். திருமங்கலம்)

இல்லை. (ஒரு வரி முடிந்தது. எனக்கு முழங்கால் வலி உண்டு, சர்க்கரை உண்டு, தினமும் வண்டியூர் தெப்பக்குளத்தை மூன்று சுற்றுச் சுற்றுகிறேன், மாத்திரை போடுகிறேன். தைத் தெப்பத்துக்குக் குளத்தைச் சுற்றிக் கேமராக்கள் வரும். மற்ற நாளில் எங்களைப் பார்க்க ஒரு கேமராவும் வராது.)

அக்கா, கோபித்துக்கொள்ள மாட்டீர்களே? இந்தப் பக்கத்தின் மேலே இருக்கும் உங்கள் படத்தில் தலை மட்டும்தான் இருக்கிறது. உடம்பு எங்கே? (மேலூர்)

கோபமில்லை, நன்றாகப் பிடித்தீர்கள். 2011-ல் எடுத்தது. "கழுத்து வரைக்கும் போதும்" என்று புகைப்படக்காரரிடம் சொன்னது நான்தான். நாடியையும் கொஞ்சம் உயர்த்திக்கொண்டேன்.

வியாழக்கிழமை புதுப்படம் எடுக்க வரச் சொல்லியிருக்கிறார்கள். நின்றபடி, முழுசாக. எந்தச் சேலை கட்டுவது என்று தங்கை மகளிடம் காலையிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறேன். மாம்பழ மஞ்சளில் ஒன்று இருக்கிறது, கட்டலாமா என்று யோசனை. பச்சையைக் கட்டுங்க பெரியம்மா, அதில் ஒல்லியாத் தெரிவீங்க என்கிறாள்.